பத்து மணிக் கூட்டம்

ஞாயிறு காலை பத்து நாற்பது. கடலூரிலிருந்து வந்த எங்கள் பேருந்து முதலியார்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றது. முன் இருக்கையில் இரண்டு குடும்ப மருத்துவர்கள். தலை நரைத்தவர் மூன்றாம் முறையாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து மணிக்கே கூட்டம் ஆரம்பிச்சிருப்பாங்க. நம்ம சங்கத்துல வராதவங்களத்தான் தலைவராக்குவாங்க, டாக்டர்."

"வந்தவங்க?" என்றார் இளையவர்.

"கை தட்டுவாங்க, சாப்புடுவாங்க, கிளினிக்குக்குப் போயிடுவாங்க. அப்புறம் ரெண்டு வருஷம் ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. எல்லாத்தையும் தலைவரே ஒண்டியா செய்யணும். சாயந்திரம் எனக்கு எழுவது பேஷண்ட் வர்றாங்க."

"சும்மா பயப்படாதீங்க, சார்."

நரைத்தவரின் செல்போன் அடித்தது. வெகுநேரம் கேட்டுவிட்டு, "நன்றி" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

"தலைவராக்கிட்டாங்களா?"

"ஆமா."

"பாவம் சார் நீங்க. செயலாளர் யாரு?"

"நீங்கதான்."