பாதியில நிக்கிற படம்

இல்லம்மா, ஒரு ஸ்டார் கூடக் கிடையாது. சைபர்னு போட்டுக்கோங்க. என்னது, ஒண்ணுக்குக் கீழ போட வழியே இல்லையா? அப்ப எதுக்கு டிவில நான் பாத்த படத்துக்கெல்லாம் அபிப்பிராயம் கேட்டு போன் பண்றீங்க? குறைஞ்சது ஒண்ணுன்னு உங்க கம்பெனியே முடிவு பண்ணிட்டா, நான் என்னத்தைச் சொல்றது? சரி, போடுங்க. வேண்டா வெறுப்பா ஒண்ணு. அதையும் எழுதிக்கோங்க, வேண்டா வெறுப்பான்னு.

காரணமா? தாராளமா சொல்றேன். பேய்னா ஒரு மட்டு மரியாதை வேண்டாமா? வந்தோமா, பயமுறுத்தினோமா, போனோமான்னு இருக்கணும். இது வந்து கட்டில் மேல ஏறி உக்காந்து வாந்தி எடுக்குது. பச்சைக் கலர்ல. அதுல புழு நெளியுது. அந்தப் புழுவைக் கிட்டக்கப் போய்க் காட்டறான் கேமராக்காரன், என்னமோ சொந்தக்காரன் வீட்டுக் குழந்தை மாதிரி. நான் தட்டுல சாப்பாட்டைப் போட்டு ரெண்டு வாய்தான் வெச்சிருந்தேன். அப்படியே கொண்டு போய்க் கொட்டிட்டேன். கருமம்.

பயமா? எனக்கா? நல்லாக் கேட்டீங்க. இது அருவருப்பும்மா. பயந்தா வேர்க்கும். இது குமட்டுது. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் இவனுங்க படம் எடுக்கறானுங்க.

அடுத்ததா? ஆமா, அந்த ரத்தம் குடிக்கிறவன் படம். பாத்தேன், பாத்தேன். அதுக்கும் ஒண்ணுதான். என் தொழில் என்ன தெரியுமா? பல்செட்டு செய்யறது. டாக்டருங்க அச்சு எடுத்து அனுப்புவாங்க, நான் பின்கட்டு ரூம்ல உக்காந்து பல்லைக் கட்டி அனுப்புவேன். அவன் வாயைத் திறந்ததும் நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். ரத்தத்தைப் பாத்து இல்ல, பல்லைப் பாத்து! ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல விரலே போகும். அதை மாட்டிக்கிட்டு வாயை மூடவே முடியாது, எச்சில்தான் ஒழுகும். அந்த லட்சணத்துல அவன் காதல் வசனம் பேசறான், அந்தப் பொண்ணு சொக்கிப் போய் நிக்குது. கடிச்சா ஆப்பிள்ல கூட இறங்காது, கழுத்துல இறங்குதாம். தூ.

சிரிக்காதீங்கம்மா. நான் வயித்தெரிச்சல்ல பேசறேன்.

பழைய படமா? எது, அந்தக் கருப்பு வெள்ளையா? அதை க்ளாசிக்குன்னு வேற தனியாப் பிரிச்சு வெச்சிருக்கீங்க. ஒரு கிழவன். மக கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போயிடறா. இவன் சாய்வு நாற்காலில உக்காந்து இருமறான். படம் பூரா இருமல். கடைசில அவ வந்து சேர்றப்ப ஆள் போய்ச் சேந்துட்டான். எல்லாரும் அழற படமாம். எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு. மக பக்கத்துத் தெருவுலதானேடா இருக்கா? கால் நல்லாத்தானே இருக்கு? எந்திரிச்சுப் போய்க் கதவைத் தட்டறதுக்கு என்ன கேடு? வீம்பு. அந்த மூஞ்சியைப் பாத்தாலே எனக்கு ஆகல. புழுவைக் கூடச் சகிச்சுக்கலாம், இந்தக் கிழவனைச் சகிக்க முடியல. சீ.

இல்லம்மா, கோவமா இல்ல. குரலே அப்படித்தான். பல்லு ராவற மெஷின் பக்கத்துலயே உக்காந்து உக்காந்து சத்தமாப் பேசிப் பழகிருச்சு.

கல்ட்னா என்ன? ஓ, வந்தப்ப யாரும் பாக்காம விட்டு, அப்புறம் நாலு பேர் தலைமேல தூக்கி வெச்சு ஆடறதா. வந்தப்ப பாக்காம விட்டவங்களுக்குத்தாம்மா விவரம் இருந்திருக்கு. ஒருத்தன் தலையில பக்கெட்டைக் கவுத்துக்கிட்டு நடக்கறான். நடக்கறான், நடந்துக்கிட்டே இருக்கான். எங்க போறான்னு அவனுக்கும் தெரியல, எடுத்தவனுக்கும் தெரியல. கடைசில பக்கெட்டை எடுத்தா உள்ள தலை இல்ல, பூரா ஈ. மொய்யுன்னு பறக்குது. வீட்டுக்காரி உள்ள இருந்து வந்து ஜன்னலைச் சாத்தறா, நிஜ ஈன்னு நினைச்சுக்கிட்டு.

அவ்வளவு புடிக்காதவரு ஏன் கடைசி வரைக்கும் பாத்தீங்கன்னா என்ன சொல்றது? பொழுது போகணுமில்ல. திட்டறதுக்குன்னு ஏதாவது வேணுமில்ல மனுஷனுக்கு.

ஐயோ, வேண்டாம் வேண்டாம். பேய்ப் படமே வராத மாதிரி பண்ணச் சொல்லி யாரு உங்களைக் கேட்டா? இருக்கட்டும். எல்லாம் அது அது இருக்கற இடத்துல இருக்கட்டும்.

வேற வீட்டுல இருந்தும் இதே கணக்குல பாக்கறாங்களா? என்ன வேற வீடு? அப்படி ஒண்ணும்... ஓஹோ. பாதிப் படம் அங்க ஓடி மீதி இங்க ஓடுதுங்கற வரைக்கும் உங்களுக்குத் தெரியுதா. பரவாயில்லையே. சரி, யாராவது பாத்துட்டுப் போறாங்க, உங்களுக்கு என்ன இப்ப? திருடறாங்களா? யாரு திருடறா? பாஸ்வேர்டை மாத்தி அவங்களை வெளிய... அம்மா! அமுக்கிடாதீங்க! முதல்ல அந்தப் பட்டன்ல இருந்து கையை எடுங்க. எடுத்துட்டீங்களா? நிஜமா?

உஸ்ஸப்பா. பேயைப் பாத்துக் கூட நான் இப்படிப் பதறலம்மா.

கேளுங்க, அதுவும் நம்ம வீடுதான். எனக்கு ரெண்டு வீடு. ஐயையோ, அந்த அர்த்தத்துல இல்லம்மா! என்னைப் பாத்தா அப்படியா... நீங்க எங்க பாத்தீங்க, சரி விடுங்க. மெதுவாப் பேசுங்க, வீட்டுக்காரி சமையக்கட்டுல பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கா.

அதென்ன புதுச் சட்டம்? ஒரு கணக்குக்கு ஒரு வீடுதானா. இன்னொரு வீட்டைச் சேக்கணும்னா ரத்த சொந்தமா இருக்கணும். என்ன உறவு, என்ன பேருன்னு நான் என் வாயால சொல்லணும், நீங்க ரெக்கார்டு பண்ணுவீங்க. தெரிஞ்சவங்கன்னு போட்டுக்கக் கூடாதா? கூடாது. நாளைக்குச் சொல்றேனே? ஓ, இன்னையோட சரி. சொல்லலைன்னா தானா அறுந்து போயிடும்.

கொஞ்சம் இருங்க. கதவைச் சாத்திட்டு வரேன்.

ம். இருக்கீங்களா? உங்களுக்குச் சாப்பாட்டு நேரம் ஒண்ணும் இல்லையே?

அந்த இன்னொரு வீட்டுல இருக்கற பொண்ணு ஒரு நாள் இங்க ஒருத்தனைக் கூட்டிக்கிட்டு வந்தா. இவனைத்தான் கட்டிக்கப் போறேன்னு சொல்ல. நல்லாத்தான் பேசினான். பணிவா இருந்தான். சாப்பிட உக்காந்தோம், அவன் சிரிச்சான். அவ்வளவுதான், என் கண்ணு எங்க போகும்? மேல் வரிசைல முன்பல்லு ஒண்ணு கட்டின பல்லு. படு மட்டமான வேலை. கலர் சேரல, ஈறுகிட்ட கோடு தெரியுது. தச்சன் கண்ணு மரத்து மேலம்பாங்க. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். எல்லாரும் உக்காந்திருக்கறப்ப சொல்லிட்டேன், சிரிப்புலயே போலி இருக்கு, ஆளும் அப்படித்தான் இருப்பான்னு. அவன் கையால வாயை மூடிக்கிட்டான். சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் எடுக்கல. அவ எந்திரிச்சா, அவனையும் எழுப்பினா, போயிட்டா. நானும் விடல. இனிமே இந்த வீட்டுல யாரும் அவ பேரை எடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டேன். வருஷக்கணக்காச்சு.

தப்பா? யாரு தப்பு? இன்னைக்கும் சொல்றேன், அது மட்டமான பல்லுதான். என்கிட்ட முன்னாடியே கூட்டிக்கிட்டு வந்திருந்தா நிஜப் பல்லு தோத்துப் போற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுத்திருப்பேன்.

வீட்டுக்காரி பேசறா அவகூட. துணி காயப் போடறேன்னு மொட்டை மாடிக்குப் போவா. ஒரு துண்டைக் காயப் போட ஒரு மணி நேரம். எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. அவனுக்கு ராத்திரி வேலைன்னும், அவ வீட்டுல தனியா இருக்கான்னும் நான் படியில நின்னு கேட்டதுதான்.

இந்த டிவில உங்க கணக்கை ஆரம்பிச்சு வெச்சது அவதான். போறதுக்கு முன்னால. அதுல பேருக்கு பதிலா வீடுன்னு போட்டு வெச்சிருக்கா. உங்களுக்கும் அப்படித்தானே காட்டுது? வீடு. அதை அவளும் அழிக்கல, நானும் அழிக்கல.

ஒரு நாள் போட்டுப் பாக்கறேன், ஒரு பேய்ப் படம் பாதில நிக்குது. நான் எங்க பேய்ப் படம் பாத்தேன்? தட்டி விட்டா, சரியா பேய் வர்றதுக்கு ஒரு நொடி முன்னால நிக்குது. கதவு கிர்ருன்னு திறக்குது, அங்க நிறுத்தியிருக்கு. இன்னொரு படம், அதுவும் அப்படியே. எனக்குப் புரிஞ்சு போச்சு. உலகத்துல அப்படிப் படம் பாக்கறவ ஒருத்திதான்.

சின்ன வயசுல இருந்தே அப்படி. பேய்ப் படம்னா உசுரு. ஆனா பேய் வர்ற நேரத்துக்கு எந்திரிச்சு ஓடிப் போய்க் கதவுக்குப் பின்னால நின்னுக்குவா. அங்க இருந்து கத்துவா, அப்பா, போச்சாப்பான்னு. நான் போச்சு, வான்னு சொன்னாத்தான் வருவா. உங்ககிட்ட மறைச்சு என்ன, நானும் அந்நேரம் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருப்பேன். சத்தத்தை வெச்சுச் சொல்றதுதான். ஒரு தடவை கணக்குத் தப்பிப் போயி, பேய் இருக்கறப்பவே வான்னுட்டேன். வந்து பாத்தவ அலறிக்கிட்டு என் கையைக் கடிச்சுட்டா. அந்தத் தடத்தைப் பாத்துத்தான் கீழ்ப்பல்லு வரிசை கொஞ்சம் கோணல்னு கண்டுபிடிச்சேன்.

அதனால என்ன பண்ணேன்னா... இதையும் ரெக்கார்டு பண்றீங்களா? பண்ணிக்கோங்க. அவ நிறுத்தின இடத்துல இருந்து நான் போட்டு விடுவேன். புழுவோ, வாந்தியோ, ஈயோ, வர்றது வரட்டும். அது போற வரைக்கும் உக்காந்திருப்பேன். போயி, விடிஞ்சு, நாலு பேர் நின்னு சாதாரணமாப் பேசற இடம் வரும் பாருங்க, அங்க நிறுத்திட்டு அணைச்சுடுவேன். மறுநாள் பாத்தா அங்க இருந்து ஓடியிருக்கும், அடுத்த பேய் வரைக்கும்.

தற்செயலாவா? நானும் அப்படித்தான் நினைச்சேன். நடுவுல எனக்குக் கண்ணுல ஆபரேஷன். டிவி பக்கமே போகக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். கட்டை அவுத்துட்டு வந்து பாக்கறேன், ஒரு படம் நின்ன இடத்துலயே நிக்குது. கிணத்துல இருந்து ஒரு கை மேல வர்ற இடம். அத்தனை நாளும் அவ அதைத் தொடல. வேற படமும் போடல. நான் உக்காந்து அந்தக் கையைத் தாண்டி விட்டேன். மறுநாளே படம் முடிஞ்சிருச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, அவளுக்கும் தெரியும்னு. கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டுத்தான் இருந்திருக்கா.

அந்தக் கிழவன் படம் மட்டும் அவ எங்கயுமே நிறுத்தல. ஒரே மூச்சுல ஓடியிருக்கு. அதை ஏன் என் கண்ணுல படற மாதிரி போட்டு வெச்சான்னு எனக்குத் தெரியாதா? அதனாலதான் அதுக்கும் ஒரு ஸ்டார்.

இருக்கேம்மா. லைன்லதான் இருக்கேன். நீங்க என்ன மூக்கை உறிஞ்சறீங்க, ஜலதோஷமா?

சரி, எழுதுங்க. உறவு... மக. கேக்கலையா? மகம்மா. என் மக. இல்ல, உங்ககிட்ட கத்தல, நீங்கதானே கேக்கலைன்னீங்க. பாருங்க, உள்ள குழாய்ச் சத்தம் நின்னு போச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நிக்கறா வீட்டுக்காரி. நிக்கட்டும்.

பேரா? அதையும் சொல்லியே ஆகணுமா. போனைக் காதோட ஒட்டி வெச்சுக்கோங்க. ம். வந்துச்சா? ஏம்மா, இத்தனை வருஷம் கழிச்சு ஒரு தடவை சொன்னதே பெரிசு, இன்னொரு தடவைங்கறீங்க. சரி, சொல்றேன். ஆ, அதேதான். நல்ல பேருதான். நான் வெச்சது.

ஏய், வெளிய நின்னு அழாதே, ஒண்ணும் ஆயிடல. உங்களைச் சொல்லலம்மா, அவளைச் சொன்னேன்.

என்னது? அந்தப் பக்கமும் கேட்டுச் சரிபாக்கணுமா? நீங்களே அவளுக்கு இப்ப போன் போடுவீங்களா? அப்பா பேரைச் சொல்லி, இந்த வீட்டைச் சேத்துக்கச் சொன்னாரு, சரியான்னு கேப்பீங்களா?

அப்படின்னா ஒரு உபகாரம் பண்ணுங்க. இப்ப ஒரு படம் பாதில நிக்குது. ஒருத்தி மாடிப்படில தலைகீழாத் தவழ்ந்து இறங்கி வருவா, நாக்கு தரையில இழுபடும், கேடுகெட்ட படம். காலைல டீயைக் கூடக் குடிக்காம உக்காந்து அதைத் தாண்டி விட்டுட்டேன். அவகிட்ட வேற எதுவும் சொல்ல வேண்டாம். எனக்கும் கோவம் முழுசா ஆறிடல, அவளுக்கும் இருக்கும். இதை மட்டும் சொல்லுங்க, அவளுக்குப் புரியும்.

போச்சு, வான்னு அப்பா சொன்னாருன்னு சொல்லுங்க.