சரி பண்ண வேண்டாத கேமரா

கம்பம் பஸ் வீரபாண்டியைத் தாண்டியதும், எனக்கு முன் சீட்டில் இருந்த வயதான அம்மா பக்கத்திலிருந்த சிசிடிவி கேமரா மெக்கானிக்கிடம் மெல்லச் சொன்னார்.

“நாளைக்குச் சுருளிப்பட்டிக்கு வர வேணாம் தம்பி. எங்க வீட்டுக் கேமராவச் சரி பண்ணாதீக.”

“துபாய்ல இருந்து ஒங்க மகன்தேன் போன் பண்ணுனாக. ஒரு வாரமாப் படமே தெரியலயாம். ரெக்கார்டர் போயிருச்சோ என்னவோ.”

“அதெல்லாம் நல்லாத்தேன் இருக்கு. வயரை நாந்தேன் உருவிவிட்டேன்.”

“ஏம்மா?”

“கேமரா ஓடுனா, என்னய அதுலயே பாத்துக்கிருவான். பேச மாட்டான். இப்பத்தேன் தெனமும் கூப்புட்டு, சாப்புட்டியாம்மான்னு கேக்குறான்.”

உத்தமபாளையம் வந்ததும் மெக்கானிக் மடியிலிருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“மகன் கேட்டாகன்னா, சாமான் வர நாளாகும்னு சொல்லிர்றேம்மா.”