மாதிரிக்குப் போட்ட மணமகள்

காலை எட்டு இருபதுக்கு, பதுளை போகும் பஸ்ஸில் தெமோதரையில் ஒரு பெண் ஏறினாள். மாவு காயாத கையில் ஒரு சீடி இருந்தது. முன்சீட்டில் இருந்த தெரிந்தவள் நகர்ந்து இடம் கொடுத்துக் கேட்டாள்.

“மகளப் பொண்ணு பாக்க இன்னைக்கு வெலிமடையில இருந்து வாராங்கன்னாங்க. நீங்க எங்கக்கா போறீங்க?”

“ஹாலிஎலயில கோல் எடுக்குற, அச்சடிக்கிற கொமினிகேஷன் கடைக்கு. கல்யாண அட்டை மாடலெல்லாம் கம்ப்யூட்டர்ல செஞ்சு அவங்களுக்குச் சீடியில வித்தேன்ல? மாதிரிக்கு எம் மக சுமதி பேரையே, தோட்டத்துப் பேரோட போட்டுட்டேன். கடைக்காரன் அத அச்செடுத்துக் கண்ணாடியில ஒட்டியிருக்கானாம்.”

“மாப்பிள்ளை பேரு?”

“சோறு வடிச்சுக்கிட்டே அடிச்சது. மாடலுக்கு மாடல் வாயில வந்த பேரு.”

“அப்ப வெலிமடைக்காரங்கள வர வேணாம்னு சொல்லிருங்க. மருமகன்தான் கெடச்சாச்சே.”

“சும்மா இரு புள்ள. பத்து மணிக்கு அவங்க ஹாலிஎலயில எறங்கி, அந்தக் கடை முன்னாலதான் நம்ம பக்கம் வார பஸ்ஸுக்கு நிக்கணும்.”

“கையில இருக்கது?”

“பேரெல்லாம் எடுத்த புது சீடி. விடியக்காலையிலதான் மாத்துனேன்.”

“ஒரு அட்டைதானேக்கா. கிழிச்சுட்டு வந்துருங்க.”

ஹாலிஎலயில் பஸ் அந்தக் கடைக்கு எதிரே நின்றது. கடை பூட்டியிருந்தது. கண்ணாடிக்கு உள்பக்கம் மூன்று அட்டைகள் ஒட்டியிருந்தன. மூன்றிலும் மணமகள் சுமதி. மாப்பிள்ளைகள் வேறு வேறு.