பதினெட்டு டிக்

— இன்னாடி ஏஞ்சலு இது? பதினெட்டு கேள்விக்கும் ‘ஒருபோதும் இல்லை’ன்னு டிக் போட்டு வெச்சிருக்க?

— ஆமா ஜெரால்ட்டு. கட்டுன புருசனப் பத்தி நல்லதா எழுதியிருக்கேன். சந்தோசப்படேன்.

— இது நன்னடத்தை சர்ட்டிபிகேட்டு இல்லடி! ஒரு எடத்துல கவனம் நிக்காத வியாதி எனக்கு கீதான்னு பாக்கற பேப்பரு. ஊட்ல கீறவங்க உள்ளத உள்ளபடி எழுதணும்னு திருவள்ளூர் டாக்டரம்மா சொல்லிச்சு. நாலாவது கேள்வியப் படி.

— ‘ஆரம்பித்த வேலையை முடிக்காமல் விடுவாரா?’

— செவுத்தப் பாரு. இன்னா தெரியுது?

— ஷெல்ஃபு மாட்ட நீ போட்ட ஓட்டை. போன கிறிஸ்மஸ்ல இருந்து ஓட்டையாவே கீது.

— ஒம்போதாவது?

— ‘அன்றாட விஷயங்களை மறப்பாரா?’ யேசப்பா! பால் வாங்கப் போய்ட்டு மீன் தொட்டி வாங்கிக்கினு வந்த ஆளு நீ. பேரண்ட்ஸ் மீட்டிங்குன்னு வேற ஸ்கூல்ல போய் ஒரு மணி நேரம் குந்திக்கினு இருந்தியே!

— வாயால மட்டும் இவ்ளோ கொட்ற. பேப்பர்ல நான் புனிதரா?

— வாய்ல சொன்னா ஊட்டோட போவும்யா. பேப்பரு காக்களூர் கம்பெனிக்குப் போனா? தகடு அமுக்கற பிரஸ் மிஷின் ஓட்டறவனுக்கு கவனம் நிக்காதுன்னா, நாளைக்கே கேட்டுக்கு வெளிய நிறுத்துவான். உன்கூட வேல செஞ்ச என் தம்பி அந்தோணியும் பைக்ல இருந்து வியுந்து ரெண்டு வெரலு போயி ஊட்ல குந்திக்கினு கீறான். ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?

— தோ பாரு, டாக்டருகிட்டதான் போவுது. மாத்திரை கீதாம். அது கேக்கற வரைக்கும் பேக்கிங் செக்‌ஷன் மாத்திக் குடுங்கன்னு நானே கேக்கப் போறேன்.

— பேக்கிங்கா? ஓவர்டைம் இன்னாவறது? பதினஞ்சு வருசமா இப்டிதான கீற! உனுக்கு வியாதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சோம்பேறித்தனம். சும்மா பேஜாரு பண்ணாத.

— உன் கால்ல வேணா வியறேன். மாத்திப் போடு ஏஞ்சலு.

— மாட்டேன். திடீர்னு இப்ப இன்னாத்துக்கு டாக்டரு? ஒரே ஒரு காரணம் சொல்லு, மாத்தறேன்.

— உன் தம்பி அந்தோணி பைக்ல இருந்து வியல. என் வேல போயி அக்கா குடும்பம் தெருவுக்கு வந்துடக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் அப்டி பொய் சொல்லிக்கினு திரியறான். அவன் கை உள்ள கீதான்னு பாக்காம பிரஸ்ஸ எறக்குனவன் நான்டி. அந்த ரெண்டு வெரலையும் எடுத்தவன் நான்.