கடைசி இருபது பக்கம்

உங்கள் ஸ்டேஷன் டீ பரவாயில்லை, சார். தடைக்காலத்தில் காசிமேட்டுப் பக்கம் மனிதன் குடிக்கிற மாதிரி டீ எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. படகு கடலுக்குப் போகாவிட்டால் பாலும் தண்ணீராகிவிடும் போலிருக்கிறது.

என் பெயர் தவசிமுத்து. ராயபுரத்தில் அந்த மீன் குளிர்கிடங்கில் பதினெட்டு வருடமாக சூப்பர்வைசர். எங்கள் கிடங்கைப் பூட்டுகிற சுஃபியானைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறீர்கள். ஆள் உள்ளே இருப்பது தெரியாமல் கதவைப் பூட்டி எழிலனைச் சாகடித்துவிட்டான், கவனக்குறைவு என்று எழுதப் போகிறீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். சுஃபியான் மேல் இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் ஆயுளில் ஒரு புத்தகத்தைப் புரட்டியதில்லை. இலக்கியத்துக்காகச் செய்த ஒரு காரியத்தை அவன் பெயரில் எழுதி வைத்தால் பார்க்கிறவன் சிரிப்பான்.

எழிலன் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் இருந்தவன். முப்பத்தைந்து வயது. எங்களிடம் லோடுமேன். வேலையில் குறை சொல்ல முடியாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டி தூக்குகிற அந்தக் கையில் முதன்முதலாக ஒரு பழைய நாவலைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு படிப்பான். சாப்பாட்டு நேரத்தில் பக்கம் பறக்காமலிருக்க டிபன் பாக்ஸ் மூடியைப் புத்தகத்தின் மேல் வைத்துப் படிப்பான். எத்தனை நாவலில் அவன் வீட்டுச் சாம்பார் ஏறியிருக்கிறதோ தெரியாது.

தவறு ரோஸ்மேரி டீச்சருடையது. ரிடையரான பிறகு அவர் கல்மண்டபம் பக்கம் ஒரு மாடியில் வாசிப்பு வட்டம் நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். பன்னிரண்டு வருடமாக அங்கே பழைய நாவல் என்று பேச்சு வந்தால் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். டீச்சர் ஒருநாள் ஷேர் ஆட்டோவில் எழிலன் படிப்பதைப் பார்த்து, கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தெருவில் மழையில் நனைகிற பூனைக்குட்டியைப் பார்த்தாலும் அவர் அப்படித்தான்.

போன மாதம் சுவரில் ஒரு சார்ட் ஒட்டினார். அவரவருக்குப் பிடித்த பழைய நாவலாசிரியர்கள் யார், ஏன் பிடிக்கும் என்று எழுத வேண்டும். நான் ஒரே ஒரு பெயர் எழுதினேன். ச. அருமைநாயகம். 'ஏழு தாழ்வாரம்' எழுதியவர், இரண்டு பாகம், ஆயிரத்துச் சொச்சம் பக்கம். எழிலன் மூன்று பெயர் எழுதினான். முதல் பெயர் கோமதி சடாட்சரம், வாரப் பத்திரிகையில் பெண்களை அழ வைத்துக்கொண்டிருந்த அம்மாள். காரணம், 'இவங்க கதையில யாரும் பட்னியா தூங்க மாட்டாங்க.' அடுத்தது பொன்னுரங்கர், திருடன் போலீஸ் கதைக்காரர். காரணம், 'படிச்சிகினே பஸ் ஸ்டாப்ப வுட்டுட்டேன்.' மூன்றாவது அருமைநாயகம். 'மொதல்ல பேஜாரு. அப்பால நல்லா கீது.'

தமிழின் ஆகப் பெரிய நாவலுக்கு ஐந்து வார்த்தையில் சான்றிதழ். டீச்சர் அதைச் சத்தமாகப் படித்துக் கைதட்டினார். எனக்குப் பொறுமை உண்டு.

அடுத்த வாரம் 'ஏழு தாழ்வாரம்' பற்றி நான் பேசினேன். அதன் முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்காது. பெரியவர் சிதம்பரம் ஏழாவது தாழ்வாரத்தில், ஒரு வாய் தண்ணீர் கேட்கக்கூட ஆளில்லாமல், தனியாகச் சாகிறார். அந்த இடத்தை நான் சொல்லும்போது அறையில் மூச்சுச் சத்தம் கேட்காது. பன்னிரண்டு வருடமாக அப்படித்தான். அன்றைக்கு எழிலன் கையைத் தூக்கினான்.

"சார், கெயவரு சாவலையே."

"இன்னொரு தடவ படிச்சுப் பாரு எழிலா."

"ரெண்டு தபா பட்ச்சிட்டேன் சார். சாவறாப்ல தான் கெடப்பாரு, கரெக்ட்டு. அப்பால பக்கத்து வூட்டுப் பொண்ணு வந்து கதவத் தட்டும். கடைசி இருவது பக்கம் கொல்லையில பூசணிக்குப் பந்தல் கட்டிகினு இருப்பாரே. எனக்கு அந்த எடம்தான் சார் ரொம்பப் புடிக்கும்."

யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். அது சிரிப்பதைவிட மோசம். பிறகு மெதுவாக, "ஆண்டு விழாவுல இந்த நாவலப் பத்தி எழிலனே பேசட்டும் தவசிமுத்து. நீங்க எத்தன வருஷம்தான் கஷ்டப்படுவீங்க" என்றார்.

யோசித்துப் பாருங்கள். நான் நிற்கிற இடத்தில் அவன் நின்று, கெயவரு சாவலை என்று அறுபது பேர் முன்னால் சொல்வான். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் ஆளுக்கொரு பிரதியைத் தேடித் திறப்பார்கள். அருமைநாயகத்தின் மகத்தான மரணத்தை ஒரு பூசணிக்கொடியில் கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள். என் கவலை நாவலைப் பற்றித்தான்.

எங்கள் கிடங்கில் ஒரு பழக்கம் உண்டு. உள்ளே மைனஸ் பதினெட்டு. போகிறவன் தன் செருப்பைக் கதவோரம் கழற்றிவிட்டு, கம்பெனி பூட்ஸை மாட்டிக்கொண்டு போவான். ரிஜிஸ்டர் இருக்கிறது, ஆனால் அது ஆய்வுக்கு வருகிறவர்களுக்காக. ஒரு மாதத்துக் கையெழுத்தை ஒரே நாளில் போட்டுவிடுவோம். பூட்டுகிறவன் பார்ப்பது செருப்பை மட்டும்தான். செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே. கிடக்காவிட்டால் தாழ்ப்பாள். பதினெட்டு வருடத்தில் இது ஒருமுறை தவறியதில்லை. உள்ளேயிருந்து திறக்கிற குமிழ் பொங்கலிலிருந்து வேலை செய்யவில்லை. நானே இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஃபைலில் இருக்கும்.

ஆண்டு விழா ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் பகல் பன்னிரண்டரை மணிக்கு, கடைசி வரிசை இறால் பெட்டிகளின் லேபிளைப் பார்த்து எழுதி வரச் சொல்லி எழிலனை அனுப்பினேன். தடைக்காலத்தில் உள்ளே இருப்பது பழைய சரக்குதான். சனிக்கிழமை மதியம் பூட்டினால் திங்கட்கிழமை காலையில்தான் திறப்பு. மறுநாள் பேச வேண்டுமே என்று இரண்டாம் பாகத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தான். "ஜாக்கெட்டுக்குள்ள வச்சா ஈரமாவாது இல்ல சார்? வெளிய வச்சா எவனாவது வடை மடிச்சிருவான்" என்று கேட்டான். ஆகாது, கொண்டு போ என்றேன். போனை என் மேஜையில் வைத்தான். அந்தக் குளிரில் போன் செத்துவிடும்.

நான் செய்தது இவ்வளவுதான். நீல வார் வைத்த செருப்பு, இடது காலில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. குனிந்து எடுத்தேன். உடை மாற்றுகிற அறையில் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். பதினைந்து அடி தூரம் இருக்கும். சுஃபியான் வந்தான். கீழே பார்த்தான். தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டினான். "எழிலன் போய்ட்டானா சார்?" என்று கேட்கவும் செய்தான். போய்விட்டான் என்றேன்.

மேஜையில் இருந்த போன் மூன்று தடவை அடித்தது. மதி என்று வந்தது, அவன் மனைவி. அணைத்து என் டிராயரில் போட்டேன். இப்போதும் அங்கேதான் இருக்கும்.

தட்டினானா என்று கேட்பீர்கள். தட்டினான். ஒன்றரை மணிக்கு நான் கிளம்பும்போது கேட்டது. கம்ப்ரசர் இரைச்சலோடு சேர்ந்து வந்ததால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கதையில்தான் கதவைத் தட்டினால் உடனே நல்லது நடக்கும் என்று இவர்கள் நம்புகிறார்கள். அப்படி நடக்காது என்று காட்டத்தான் அருமைநாயகம் ஆயிரம் பக்கம் எழுதினார்.

சாயங்காலம் மதி என் நம்பருக்குக் கூப்பிட்டாள். "சார், அவரு இன்னும் வூட்டுக்கு வரல சார். போனும் ஆஃப்ல கீது" என்றாள். மதியமே கிளம்பிவிட்டானே அம்மா, நெட்டுக்குப்பத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருப்பான் என்றேன். எண்ணூர் பஸ் பிடித்துப் போய் அங்கே தேடினாளாம். நல்ல பெண்தான்.

ஞாயிறன்று டீச்சர் எழிலனை வாசலில் நின்று எதிர்பார்த்தார். மேடை என்றதும் பயந்திருப்பான் டீச்சர் என்றேன். வேறு வழியில்லாமல் என்னைப் பேசச் சொன்னார்கள். நாற்பத்தைந்து நிமிஷம் பேசினேன். முடிவுக்கு வந்தபோது அறுபது பேரும் மூச்சு விடவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. சனிக்கிழமை இரவே உயிர் போய்விட்டது என்று டாக்டர் எழுதியிருக்கிறாராமே. அப்படியானால் என் பேச்சால் அவனுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

ஆகவே, எழிலனைக் கொன்றது நான். தெரிந்தே, யோசித்தே கொன்றேன். சுஃபியானை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

என்ன கேட்டீர்கள்? நான் அந்தக் கடைசி இருபது பக்கத்தைப் படித்தேனா என்றா? கல்லூரியில் எங்கள் பேராசிரியர் அந்த முடிவைச் சொன்னபோது வகுப்பே அழுதது, சார். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு பெரிய நாவலைக் கடைசி வரை படித்தால்தான் புரியும் என்பது லோடு தூக்குகிறவர்களின் எண்ணம்.

அந்த பிளாஸ்டிக் உறையை எதற்குப் பிரிக்கிறீர்கள்? அவன் ஜாக்கெட்டில் இருந்த புத்தகம்தானே, பனி ஈரம் இன்னும் காய்ந்திருக்காது, பக்கம் கிழிந்துவிடும். காகிதத்தைக் கொடுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் பாருங்கள். பூசணி என்று ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும், தயவுசெய்து, சத்தமாகப் படிக்க வேண்டாம்.