மிஸ்ஸி பிடுங்கிய பேசின்

தஞ்சோங் காராங் போகும் பஸ்ஸில் ஓர் இளைஞர் பெரிய அலுமினிய பேசினை மடியில் வைத்திருந்தார்.

"புதுசா தம்பி?" என்று பக்கத்து சீட்டுப் பெண் கேட்டார்.

"எங்க வீட்டுதுதான்கா. மிஸ்ஸி பிடுங்கி கிளினிக்குல வச்சிருந்தாங்க."

"நர்ஸம்மாவா? எதுக்கு?"

"எங்களுக்குக் குறைமாசப் புள்ள பொறந்துச்சு. தினம் எஸ்டேட் லயத்து வீட்டுக்கே மோட்டார் சைக்கிள்ல வந்து பார்த்தாங்க. குளிப்பாட்டாதீங்க, ஆத்தா நெஞ்சோட சூடா வச்சுக்குங்க, தாய்ப்பால் மட்டும் குடுங்கன்னாங்க. எங்கம்மா ரெண்டாம் நாளே வெந்நி வச்சிருச்சு. மிஸ்ஸி இந்தப் பேசினை மோட்டார்ல கட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"உங்கம்மா சும்மா விட்டாங்களா?"

"கத்துச்சுலா. நான்தான் கயிறு எடுத்துக் குடுத்தேன். மொதப் புள்ளைய பொறந்த அன்னிக்கே குளிப்பாட்டுனோம்கா. ஒடம்பு ஜில்லுன்னு ஆயிருச்சு. மறுநாள் இல்ல."

"இப்ப?"

"நேத்து நிறுத்தாங்க, ரெண்டரை கிலோ! இனிமே குளிப்பாட்டலாம், பேசினை வந்து வாங்கிக்குங்கன்னாங்க."

எஸ்டேட் முச்சந்தியில் அவர் இறங்கினார். தோளில் துண்டோடு காத்திருந்த அவர் அம்மா பேசினை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அந்த மிஸ்ஸி மொதப் புள்ளைக்கே வந்து இதத் தூக்கிட்டுப் போயிருக்கலாம்டா" என்றார்.