டிரம்பெட் ஊதுமுன்

“மெதுவா உக்காரும்மா, இதுல என் வீட்டுக்காரர் இருக்காரு.”

மெர்டேக்கா என்று நாங்கள் சொல்லும் சுதந்திரம் கிடைத்த வருடம், காஜா பெராங்கிலிருந்து பண்டார் ஹிலிர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மாள் இப்படிச் சொன்னார். மடியில் துண்டில் சுற்றிய ஓர் இசைத்தட்டு இருந்தது. பக்கத்தில் உட்காரவந்த இளம்பெண் தயங்கி உட்கார்ந்தாள்.

“பாடினாராக்கா?”

“டான்ஸ் பேண்டுல டிரம்பெட் ஊதினாரு. சிங்கப்பூர் போய்ப் பதிவு பண்ணாங்க. ஊதறதுக்கு முன்னால மூச்சை இழுப்பாரு, அதுவும் சேர்ந்து விழுந்திருக்கு.”

“இப்ப எங்க இருக்காரு?”

“ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனான். திரும்பி வரல.”

இளம்பெண் தட்டில் இடிக்காமல் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

“இப்ப ரேடியோவுல எவ்வளவு சுத்தமா பாட்டு வருது, அக்கா.”

“சுத்தமாத்தான் வருது. ஆளு மூச்சு இழுக்கிறது கேக்குதா?”

“அப்ப இதைத் தினம் போடுவீங்களா?”

“போட்டா தேஞ்சிடுமே. போன தடவை அந்த மூச்சு சரியா கேக்கல. அதான் கிராமபோனுக்குப் புது ஊசி வாங்கப் போறேன்.”

“அதுலயும் கேக்கலன்னா?”

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எந்த இடம்னு எனக்குத்தான் தெரியுமே. அங்க வரும்போது அந்த மூச்சை நான் இழுத்துக்குவேன்.”